பிள்ளைகள் அறை: எட்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2017இல் சென்னை மடிப்பாக்கத்தில் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தபோது மகளுக்கு மூன்று வயது. இரண்டு படுக்கையறைகளில் சின்னது அவளுக்கு என்று முடிவாயிற்று. பத்துக்குப் பத்தரை அடி, ஒரு ஜன்னல், மேலே பரண். எட்டு வருடத்தில் அந்த அறைக்கென்று செலவழித்ததைப் போன வாரம் கூட்டிப் பார்த்தேன். ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கியவை இப்போது வீட்டிலேயே இல்லை. எது நின்றது, எது போனது என்று எழுதுகிறேன். புதிதாகச் செய்யப் போகிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் ஐந்து வருடம் அந்த அறையில் ராத்திரி பிள்ளை யாரும் தூங்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளையைத் தனி அறையில் படுக்கவைப்பதெல்லாம் படத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. இங்கே ராத்திரி பத்து மணிக்கு அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவில் வந்துவிடுவாள். மழைக்காலத்தில் அது துணி காயப்போடும் அறை, மற்ற நாளில் பொம்மை கொட்டும் அறை. இது தெரியாமல் முதல் வேலையாக 38,000 ரூபாய்க்கு இளஞ்சிவப்பில் கட்டில், அலமாரி, டிராயர் பெட்டி என்று ஒரு செட் வாங்கினேன். வந்து இறங்கிய அன்றே மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, பத்துக்குப் பத்து ரூம்ல இவ்வளவு மரத்தை அடைச்சா புள்ள எங்க ஓடும்?" எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தக் கட்டிலின் நீளம் நான்கரை அடி. ஆறு வயதில் கால் இடிக்க ஆரம்பித்தது. அதற்குள் அலமாரியின் அடிப்பக்கம் உப்பிவிட்டது. வீடு துடைக்கும் ஈரம், சென்னைக் காற்று, இரண்டு மழைக்காலம், அவ்வளவுதான். அப்புறம் வந்த ஆசாரி, அடிப்பலகையை விரல் நகத்தால் கீறிக் காட்டினார். தூள் தூளாக உதிர்ந்தது. "இது பார்ட்டிக்கிள் போர்டு அக்கா, மரத்தூளைப் பசை போட்டு அழுத்துனது. தண்ணி பட்டா பிஸ்கட் மாதிரி ஊறிடும். ஸ்க்ரூவும் ஒரு தடவைக்கு மேல நிக்காது." பிள்ளைகள் அறையில் தண்ணீர் படாமல் எதையாவது வைத்திருக்க முடியுமா? 2021இல் அவரிடமே 19 எம்எம் பிளைவுட்டில் அலமாரி செய்யச் சொன்னேன், 48,000 ஆனது. ஐஎஸ் 710 என்று முத்திரை உள்ள பிளைவுட் ஈரம் தாங்கும், ஐஎஸ் 303 சாதாரண உபயோகத்துக்கு. அடிப்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் முதல் வகை, உள்தட்டுக்கு இரண்டாவது வகை என்று போட்டுக் கொஞ்சம் மிச்சம் பிடித்தார். நான்கு வருடமாகியும் கதவு இறங்கவில்லை.

பழைய டிராயர் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு பிறந்த மகனுக்கு அப்போது ஒன்றரை வயதிருக்கும். மூன்று டிராயர்களையும் வெளியே இழுத்துவிட்டு, படிக்கட்டு மாதிரி அதன்மேல் ஏறியிருக்கிறான். பெட்டி முன்பக்கம் சாய்ந்துவிட்டது. மகள் கத்திய கத்தலில் ஓடிப்போய்ப் பிடித்தேன். என் முழங்கையில் ஒரு தழும்போடு போயிற்று. சுவரோடு சேர்த்துப் பிடிக்க வாங்கும்போதே கூட வந்த கிளாம்ப், கவர்கூடப் பிரிக்காமல் சமையலறை டிராயரில் கிடந்தது. டைல்ஸ் தரையில் நேராகத்தானே நிற்கிறது என்று விட்டிருந்தோம். இன்று அந்த அறையில் இடுப்பு உயரத்தைத் தாண்டிய எதுவும் சுவரில் எல்-கிளாம்ப் இல்லாமல் நிற்பதில்லை. ஒரு டிரில்லிங் மெஷின், அரைமணி நேரம், இருநூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. கட்டில் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

சுவருக்கு வருகிறேன். கோட்டை, குதிரை, மேகம் போட்ட வால்பேப்பர், 9,000 ரூபாய். ஒட்டிய சுவர் மழை அடிக்கிற வெளிச்சுவர். இரண்டாவது டிசம்பரில் அறைக்குள் நுழைந்தாலே ஒரு நாற்றம். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் கோட்டைக்குப் பின்னால் முழுக்க ஓதம், கருப்பாகப் பூசணம். பிய்த்து எறிந்துவிட்டு, வெளியே வாட்டர்புரூஃபிங் செய்தபிறகு, துடைக்கக்கூடிய எமல்ஷன் அடித்தோம். வெளிர் மஞ்சள். இன்னும் அதே நிறம்தான், ஒருமுறை மட்டும் திரும்ப அடித்தது. பெயின்ட் வாங்கும்போது ஈயம் இல்லை என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2017 நவம்பரிலிருந்து இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. புது டப்பாவைவிட எனக்குப் பயம் பழைய சாமான்கள்மேல்தான். என் கணவர் நடை பழகிய நடைவண்டியை ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தார்கள். சிவப்பு எனாமல் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் விடவில்லை, அந்தத் தூள்தான் மோசம். நினைவுக்காகப் பரணில் ஏற்றிவிட்டு, மகனுக்கு வர்ணமே பூசாத மரத்தில் புதிதாக ஒன்று வாங்கினோம்.

ஒரு சுவரில் கரும்பலகைப் பெயின்ட் அடித்தது நல்ல யோசனைதான், ஆனால் அடித்த உயரம் தப்பு. பார்க்க அழகாக இருக்கும் என்று தரையிலிருந்து மூன்றடி விட்டு மேலே அடித்தோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதன் கீழ்விளிம்புதான் எட்டியது. மீதியை அவள் அப்போது வெள்ளையாக இருந்த சுவரில் எழுதினாள். இரண்டாம் முறை தரையோரப் பட்டியிலிருந்தே தொடங்கினோம். பிள்ளை உட்கார்ந்துகொண்டுதான் வரைகிறது! சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கும் வீட்டில் இது வேண்டாம்.

இப்போது பெரிய தோல்வி. 2022இல், மகளுக்கு எட்டு, மகனுக்கு மூன்று. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை உள்ள மாடிக்கட்டில் வாங்கினால் தரை மிச்சமாகும் என்று 46,000 ரூபாய்க்கு ரப்பர்வுட்டில் ஒன்று வாங்கினோம். கட்டில் நல்ல கட்டில், குறை சொல்ல முடியாது. நாங்கள்தான் மேலே பார்க்கவில்லை. எங்கள் அறையின் உயரம் ஒன்பதரை அடி. ஃபேன் இறக்கை தரையிலிருந்து எட்டடி நான்கு அங்குலத்தில் சுற்றுகிறது. மேல்மெத்தை நாலே முக்கால் அடியில். நாலடிக்கு மேல் உயரமுள்ள பிள்ளை மெத்தையில் எழுந்து நின்றால் கணக்கு என்னவென்று நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் நாள் அவள் மேலே ஏறிப் போர்வையை உதறியபோது ஓரம் இறக்கையில் மாட்டிச் சுற்றிக்கொண்டது. அன்றிரவு ஃபேனை நிறுத்திவிட்டுப் படுக்கச் சொன்னோம். மே மாதம். இரண்டு மணிக்கு எங்கள் அறைக்கு வந்துவிட்டாள்.

சுவர் ஃபேன் மாட்டினோம், ஏசி போடலாமா என்று பேசினோம். ஆனால் அதைவிடப் பெரிய பிரச்சினை சின்னவன். ஏணி இருந்தால் ஏறத்தானே செய்வான். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மேல்கட்டிலில் படுக்கவைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. படுக்கவைக்காமல் இருக்கலாம், ஏறாமல் இருக்கவைக்க யாரால் முடியும்? ஏணியை இரவில் மட்டும் மாட்டுவது என்று ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாம் மாதம் ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டாகப் பிரித்துவிட்டோம். பிரிக்கக்கூடிய மாடல் என்பதால் பிழைத்தோம். இரண்டும் இப்போது எல் வடிவில் சுவரோரமாக நிற்கின்றன. மாடிக்கட்டில் வாங்குகிறவர்கள் கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்துத் தரைக்கும் ஃபேனுக்கும் நடுவே அளந்துவிடுங்கள். கடையில் ஃபேன் இருக்காது.

சரி, நன்றாக உழைத்தவை. பொம்மை அடுக்க ஆசாரி செய்த மூன்று திறந்த பெட்டிகள்தான் என் முதல் மார்க். மூன்றும் மூன்றடி அகலம், பத்து அங்குல ஆழம். உயரம் மட்டும் பத்து, இருபது, முப்பது அங்குலம். சாதாரண நாளில் சுவரோரம் வரிசையாக நிற்கும். நவராத்திரிக்கு உயரமானதன் கிளாம்ப்பைக் கழற்றி, ஒன்றன்முன் ஒன்றாக ஹாலில் நிறுத்தி வேட்டி விரித்தால் மூன்று படிக் கொலு. 14,000 ஆனது. பிள்ளை தானே எடுத்துத் தானே வைக்கிற உயரத்தில் சாமான் இருக்க வேண்டும் என்பது மாண்டிசோரி அம்மையாரின் பழைய பாடம். 1939இல் அடையாறுக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். எங்கள் பிள்ளைகள் எடுப்பதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். வைப்பதற்கு இன்னும் காத்திருக்கிறோம்.

பொம்மைகளில் பாதி எப்போதும் பரணில் இருக்கும். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். இறங்கி வருவதெல்லாம் புதுப் பொம்மை மாதிரி கொண்டாடப்படும். 2018இல் வெளியான அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வில், பதினாறு பொம்மைகள் நடுவே விட்டபோது இருந்ததைவிட நான்கே பொம்மைகள் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்களாம். எங்கள் வீட்டில் பார்த்ததும் அதுதான். பிளாக்ஸுக்கு மட்டும் பெட்டி கிடையாது. அப்பாவின் பழைய நாலுமுழ வேட்டியில் கொட்டி விளையாடுவார்கள். முடிந்ததும் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து மூட்டை கட்டி ஆணியில் மாட்டினால் வேலை முடிந்தது. நள்ளிரவில் காலில் குத்தும் துண்டுகள் பத்தில் ஒன்றாகக் குறைந்தன.

தரைக்கு முதலில் போட்டது, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நுரைப் பாய். பிஸ்கட் தூள் இடுக்கில் இறங்கி, அதற்கு எறும்பு வந்து, தினமும் பிரித்துக் கோப்பதே வேலையானது. போதாக்குறைக்கு மகன் மூலைகளைக் கடிப்பான். இப்போது கோரைப்பாய் இரண்டு. வருடத்துக்கொரு முறை ஓரம் பிரியும், மாற்றுவோம். சுருட்டி நிறுத்தினால் அறை மைதானமாகிவிடும்.

காசே செலவழிக்காத ஒன்று இருக்கிறது. இந்த ஃபிளாட் கட்டும்போதே மாமியார் சொல்லி, அந்த அறையின் மேல்தளம் போடுமுன் கம்பியோடு சேர்த்து வைத்த இரும்புக் கொக்கி. 2019இல் அதில் மகனுக்குத் தூளி கட்டினோம். இரண்டு வயதில் மரப்பலகை ஊஞ்சல். லாக்டவுனில் இரண்டு பேருக்கும் தெருவே அதுதான். கயிற்றை மட்டும் வருடாவருடம் மாற்றுகிறேன். கொக்கியில் உரசுகிற இடம்தான் முதலில் நைகிறது, ஊஞ்சல் பக்கமிருந்து பார்த்தால் தெரியாது, ஸ்டூல் போட்டு ஏறித்தான் பார்க்க வேண்டும். பிறகு ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், தளத்தின் கம்பி தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

மகளுக்கு இப்போது பதினொன்று. கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்கிறாள். தம்பி ஊஞ்சலில் கத்திக்கொண்டே ஆடும்போது படிக்க முடியவில்லையாம், நியாயம்தான். தாழ்ப்பாளுக்குப் பதில் அவள் கட்டிலைச் சுற்றி ஒரு திரை போடலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். கம்பி ஏழடி வேண்டும். துணிக்கு மாமியார் தன் பழைய சுங்குடிச் சேலை இரண்டை எடுத்துவைத்திருக்கிறார். சனிக்கிழமை ஆசாரி வருகிறார்.