மொறிஸ் மைனர் 1000: காலடிக்குக் கீழே ஒரு மாஸ்ரர் சிலிண்டர்

என் பழைய மொறிஸ் மைனர் காரின் மாஸ்ரர் சிலிண்டரை, அதாவது மிதியை அழுத்தும்போது பிரேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உறுப்பை, கழற்றிப் பூட்டிய கையோடு எழுதுவதால் கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். 1098 சிசி என்ஜின், 48 குதிரைவலு, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். மைனர் வாங்கலாமா என்று கேட்பவர்கள் யாரும் பிரேக் ஒயில் எங்கே ஊற்றுவது என்று கேட்பதில்லை.

சாரதியின் காலடி விரிப்பைத் தூக்க வேண்டும். அதன் கீழே ஸ்குரூ போட்ட ஒரு தகடு. அதைக் கழற்றினால் சேஸிஸ் சட்டத்துக்குள் புதைந்து கிடக்கிறது சிலிண்டர். மூடியைத் திறக்கமுன் சுற்றியுள்ள மண்ணைத் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒரு மணல் பருக்கை உள்ளே விழுந்தாலும் ஒயில் கசியாமல் அடைக்கும் றப்பர் கப் கீறுப்படும். மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். ஒயிலை வாய்வரை ஊற்றாமல் அரை அங்குலம் கீழே நிறுத்துங்கள்.

பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்தால் வார்ப்பிரும்புச் சுவரில் துருக்குழி விழும், அதில் உரசி றப்பர் கிழியும். கசிவது சட்டத்துக்குள்ளே என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. எச்சரிக்கை விளக்கும் இல்லை. நான்குக்கும் ஒரே ஒயில் வழியுள்ள ஒற்றைச் சுற்றுப் பிரேக், போனால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே போகும். மிஞ்சுவது பின்சக்கரக் கைப்பிரேக் மட்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது.

கழற்றுவது அதைவிடக் கொடுமை. சிலிண்டரைப் பிடிக்கும் போல்ட்டுகள் வெளியே வரும் வழியில் முன் சஸ்பென்ஷனின் ரோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்போல வேலை செய்யும் நீளக் கம்பி) குறுக்கே நிற்கிறது. பிரேக் வேலைக்காகச் சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டும்! பார் முறுக்கேறி நிற்பதால், சஸ்பென்ஷனின் கீழ்க்கையை ஜக்கில் தாங்கிப் பாரத்தை எடுத்த பிறகே தளர்த்துங்கள். பாரின் பற்கள் பொருந்தும் இடத்தில் பெயின்ற் கோடு போட்டு வைத்தால் காரின் உயரம் மாறாது. திரும்பப் பூட்டும்போது நட்டு பார் பக்கம் வரும்படி போல்ட்டுகளைத் திருப்பிப் போடுங்கள். அடுத்த முறை பாரைத் தொடாமலே உருவலாம். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை எடுக்கமுன், டிரம்மின் உள்ளே உரசும் பிரேக் சூக்களை டிரம்மோடு இறுக்கிவிட்டால் வேலை பாதியாகும். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அட்ஜஸ்ரர், பின்சக்கரத்துக்கு ஒன்று. மிதியில் கொஞ்சம் வெறும் ஆட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் திரும்பும் துளை மூடியே கிடக்கும், ஓட ஓடப் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

1948இல் மிதிகள் தரையில் முளைத்த காலம், சிலிண்டர் அங்கே போனதில் குற்றமில்லை. ஆனால் மைனரை வடிவமைத்த அதே அலெக் இஸிகோனிஸின் மினி 1959இல் வந்தபோது பிரேக் ஒயில் பொனற்றுக்குள் வந்துவிட்டதே! மைனருக்கு மட்டும் 1971இல் உற்பத்தி நிற்கும்வரை மாற்றவில்லை. இதை எத்தனை தடவை யோசித்தாலும் மன்னிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் ஸ்ரியறிங்கைப் பிடித்தால் வேறு காரில் மனம் போகாது. ராக் அன்ட் பினியன், அதாவது பற்சக்கரம் ஒரு பற்சட்டத்தை நேராகத் தள்ளும் அமைப்பு. அந்தக் காலக் குடும்பக் கார்களில் அபூர்வம். ஒழுங்கையில் திருப்பும்போது முன்சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். முன்சக்கரம் திரும்பும் மரை மூட்டுகளான ட்ரனியன்களுக்குச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டுத் தவறாமல் கிறீஸ் அடித்தால் அந்தச் சுகம் குறையாது. அடிக்காவிட்டால் மரை தேய்ந்து சக்கரமே மடிந்து விழும். உதிரிப்பாகக் கவலை பெரிதாக இல்லை. மைனரின் உடற்பலகைகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயிருக்கின்றன.

ஆனாலும் தினசரி ஓட்டத்துக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். கேட்காமல் பார்க்கப் போகிறவர்கள் பொனற்றைத் திறக்கமுன் அந்த விரிப்பைத் தூக்குங்கள். தகட்டின் ஸ்குரூக்கள் துருவேறி அசையவே மறுத்தால், அங்கே வருஷக்கணக்காக யாரும் ஒயில் பார்க்கவில்லை. அந்தக் காரை ஓட்டிப் பார்க்கக்கூட ஏறாதீர்கள்.