எட்டிமான்லைன்: ‘எக்’ என்று தேடிப் பாருங்கள்

ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைப் பார்க்க எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது டக்ளஸ் ஹார்ப்பர் என்ற அமெரிக்கர் தொகுத்துவரும் எட்டிமான்லைன் இணைய அகராதியைத்தான். காசு கொடுக்காமல் படிக்கலாம். எப்படி இருக்கும் என்று தெரிய ‘எக்’ (egg) என்ற மூன்றெழுத்துச் சொல்லைத் தேடினாலே போதும்.

முட்டைக்கு ஆங்கிலத்தின் சொந்தச் சொல் ‘எய்’, பன்மையில் ‘ஐரென்’. ஜெர்மானியர்கள் இன்றைக்கும் ‘ஐ’ என்றுதான் சொல்கிறார்கள். ‘எக்’ என்பதோ ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வட இங்கிலாந்து வழியாக உள்ளே வந்த சொல், ரொம்ப காலம் இரண்டும் அக்கம்பக்கமாகப் புழங்கி 1500க்கு அப்புறம்தான் ‘எக்’ நிலைத்து, ‘எய்’ மறைந்தது. இந்த இழுபறிக்கு நேரடி சாட்சியே இருக்கிறது, இங்கிலாந்தின் முதல் அச்சகர் வில்லியம் காக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரை. கப்பல் நகரக் காற்றில்லாமல் கரையில் இறங்கிய வியாபாரி ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்க, அந்த அம்மா “எனக்கு பிரெஞ்சு தெரியாது” என்கிறார். வியாபாரிக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிடுகிறது. கூட இருந்தவர் ‘ஐரென்’ என்றதும்தான் விளங்குகிறது. அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலோடு இந்தப் பகுதியை அகராதி அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

இன்னொன்று, ஒரே மாதிரி தெரியும் சொற்களைக் கவனமாகப் பிரித்து வைக்கிறது. ஒருவரை உசுப்பிவிடுவதற்கு ‘எக் ஆன்’ என்பார்களே, அதற்கும் முட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. அது கூர்முனையைக் குறிக்கும் நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது, ‘எட்ஜ்’ என்பதற்கு உறவு. அப்படியே ‘எக்பிளான்ட்’ பக்கம் போனால், முட்டை போலிருக்கும் வெள்ளைக் கத்தரிக்காய்க்குத்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது என்று புரியும். கிரிக்கெட்டின் ‘டக்’கும் வாத்து முட்டையிலிருந்து வந்ததுதான், பூஜ்யத்தின் வடிவம். பரீட்சையில் முட்டை வாங்கினான் என்று நாம் சொல்வதும் அதே பார்வைதானே!

குறை என்றால், பதிவுகள் சுருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு நூற்றாண்டிலும் சொல் எப்படி எழுதப்பட்டது என்று மேற்கோள்களோடு பார்க்க வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும், அதற்கு சந்தா வேண்டும். அப்புறம், சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எங்கும் எழுதிக் கிடைத்த சொல் அல்ல, அறிஞர்கள் ஒப்பிட்டு ஊகித்த மூல வடிவம். இது தெரியாமல் படித்தால் ஊகத்தை ஆதாரம் என்று நினைத்துவிடுவோம்.

நம் ‘முட்டை’யின் உறவுக்காரச் சொற்களைத் தேடுகிறவர்களுக்கு இது உதவாது, அதற்கு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.