ஏசி அவுட்டோர்: முற்றமா, மொட்டைமாடியா, கொல்லையா?

ஏசி வாங்கும்போது ஒரு டன்னா ஒன்றரை டன்னா, எத்தனை ஸ்டார் என்று நாலு கடை ஏறி இறங்குகிறோம். எங்கே மாட்டுவது என்பதை மட்டும் மாட்ட வருகிறவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் ஏணி போட வசதியான இடத்தைப் பார்ப்பார். கரண்ட் பில் கட்டப்போவது நாம்.

முதலில் அவுட்டோருக்கு இடம் பாருங்கள், இண்டோருக்கு அப்புறம். அறையிலிருந்து எடுத்த சூட்டை வெளிக்காற்றில் கொட்டுவது அவுட்டோர்தான். சுற்றியுள்ள காற்று சூடாக இருக்க இருக்க கம்ப்ரசர் திணறும், கரண்டும் கூடுதலாக இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் குளிரூட்டும் திறன் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும்.

கும்பகோணம், மயிலாடுதுறைப் பழைய தெருவீடுகளில் இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும். மிஞ்சுவது வாசல், முற்றம், கொல்லை, மொட்டைமாடி. வாசல் வேண்டாம், திண்ணையில் உட்காருகிறவர் முகத்தில் அனல் அடிக்கும்.

முற்றம் கண்ணில் படாத இடம் என்று பலர் கேட்கிறார்கள். நாலு பக்கமும் சுவர், மேலே பெரும்பாலும் ஷீட். அவுட்டோர் தள்ளிய சூடான காற்றை அதுவே திரும்ப இழுக்கும். பாக்கி சூடு கூடத்துக்குள் வரும். வீட்டுக்கு உயிரே அந்த முற்றத்துக் காற்றுதான், அதைக் கெடுக்காதீர்கள்.

மொட்டைமாடியில் காற்றோட்டம் தாராளம், இரைச்சல் கேட்காது, சர்வீஸும் சுலபம். ஆனால் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகும் அனலைக் கக்கும். நாம் ஏசி போடுவது அந்த நேரத்தில்தான். காப்பர் பைப்பும் நீளும்; அதைச் சுற்றிய கறுப்பு ஸ்பாஞ்ச் வெயிலில் பொடிந்துபோகும். மேலேதான் என்றால் மாடிப்படி அறையின் வடக்குச் சுவர் ஓரம், ஸ்டாண்டில் உயர்த்தி, போல்ட் போட்டு இறுக்கி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என் ஓட்டு கொல்லைக்கு. ஒரு சிக்கல்: கிழக்குப் பார்த்த வீட்டுக்குக் கொல்லை மேற்கே வரும், சாயங்கால வெயில் நேராக விழும். அகலமான சன்ஷேடோ மர நிழலோ இருந்தால் சரி, இல்லாவிட்டால் மாடிப்படி அறை நிழலே மேல். தனி வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், வடக்குச் சுவர். சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை உச்சி வெயில் நமக்குச் சற்று வடக்கே சாய்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்பதால் சின்ன சன்ஷேடே மறைத்துவிடும். எங்கே வைத்தாலும் முன்பக்கம் அடைபடக் கூடாது. நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் கடலைப் பார்த்த சுவரைத் தவிருங்கள்; உப்புக்காற்று அவுட்டோரின் காயிலை, அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகச் சுருளை, அரித்துவிடும்.

இண்டோருக்கு வருவோம். குளிர்நாடுகளில் ரேடியேட்டரை ஜன்னலுக்கு அடியில் வைப்பார்கள். கண்ணாடியிலிருந்து இறங்கும் குளிரை, மேலே எழும் சூடு மறிக்கும். நமக்குத் தலைகீழ். குளிர்ந்த காற்று தானாக இறங்கும், அதனால் ஏழெட்டு அடி உயரம். கட்டிலின் கால்பக்கச் சுவரில் மாட்டினால் காற்று நேரே முகத்தில் அடித்துத் தொண்டை காயும். தலைமாட்டில் மாட்டினால், தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் குழாய் அடைத்துக்கொள்கிற அன்றைக்குத் தலையணை நனையும். பக்கச்சுவர்தான் தோது.

பரணுக்கு அடியில் மட்டும் ஒட்டி மாட்ட விடாதீர்கள். இண்டோர் காற்றை இழுப்பது மேல்பக்கத்தில். அங்கே அரை அடியாவது இடம் இல்லையென்றால், தான் விட்ட குளிர்காற்றையே இழுத்துக்கொண்டு, அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கும்.