ஸ்பெக்ட்ரமும் கொமடோர் 64-உம்: யார் எதில் மிச்சம் பிடித்தார்கள்?

1982 ஏப்ரலில் கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் பிரிட்டனில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் விலை, 16 கிலோபைட் நினைவகத்துடன் 125 பவுண்டு, 48 கிலோபைட்டுடன் 175 பவுண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கொமடோர் 64-இன் விலை 595 டாலர். இரண்டும் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்துப் பயன்படுத்தும் எட்டு பிட் கணினிகள். எனினும், சின்க்ளேர் சில்லுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காசை மிச்சம் பிடித்தார்; 1976-இலேயே மாஸ் டெக்னாலஜி என்ற சில்லு நிறுவனத்தை வாங்கிவிட்டிருந்த கொமடோர் நிறுவனமோ தனக்கு வேண்டிய சில்லுகளைத் தானே தயாரித்துக்கொண்டது. மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறந்தவையே.

சின்க்ளேரின் சிக்கனம் எந்த அளவுக்குப் போனது என்பதற்கு 48 கிலோபைட் மாதிரியின் மேல் நினைவகமே சான்று. அதில் பொருத்தப்பட்டவை ஒரு பாதி பழுதாகி மறு பாதி மட்டும் வேலை செய்த 64 கிலோபிட் சில்லுகள். எந்தப் பாதி நல்லது என்பதைப் பலகையில் ஒரு கம்பி இணைப்பால் குறித்துவிடுவார்கள். திரையில் தெரியும் படத்துக்கும் இதே கணக்குதான். 256-க்கு 192 புள்ளிகளுக்கு 6,144 பைட், வண்ணத்துக்கு வெறும் 768 பைட். எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிறங்களுக்கு மேல் இடமில்லாததால், பச்சை மரத்தைக் கடக்கும் மஞ்சள் வீரன் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் வரை பச்சையாகிவிடுவான், அல்லது மரத்தின் ஒரு துண்டு மஞ்சளாகிவிடும்.

கொமடோரில் இந்தத் தொல்லை வெகு குறைவு. படம் வரையும் அதன் விக்-2 சில்லு, பின்னணியைக் கலைக்காமல் நகரக்கூடிய எட்டுச் சிறு உருவங்களை (ஸ்பிரைட்டுகளை) வன்பொருளிலேயே கொடுத்தது. ஒலியில் போட்டியே இல்லை: பாப் யானெஸ் வடிவமைத்த சிட் சில்லு மூன்று குரல்களும் வடிகட்டியும் கொண்ட ஓர் இசைக்கருவி, முதல் ஸ்பெக்ட்ரத்துக்கு வாய்த்தது ஒற்றை பீப் ஒலி. வேகத்தில் 3.5 மெகாஹெர்ட்சுக்கு எதிராக ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் என்று எண்களை மட்டும் பார்த்து ஸ்பெக்ட்ரத்துக்குப் பரிசளிக்க வேண்டாம்; அதன் இசட்80 செயலிக்கு மிகச் சிறிய கட்டளைக்கே நான்கு கடிகாரத் துடிப்புகள் தேவை, கொமடோரின் 6510-க்கு இரண்டு போதும்.

ஆனால் நிரல் எழுதக் கற்பவருக்கு நான் ஸ்பெக்ட்ரத்தையே பரிந்துரைப்பேன். அதில் திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க "பார்டர் 0" என்று எழுதினால் போதும். "பார்டர்" என்ற சொல்லைக்கூட எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியதில்லை, ரப்பர் விசை ஒன்றை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். கொமடோரில் அதே வேலைக்குப் "போக் 53280,0" என்று நினைவக முகவரியை மனப்பாடம் செய்திருக்க வேண்டும், ஏனெனில் அத்தனை அருமையான சில்லுகளை வைத்துக்கொண்டு அவற்றை இயக்க ஒரு கட்டளைகூட அதன் பேசிக் நிரல் மொழியில் இல்லை. (கற்பதே குறிக்கோள் என்றால் இரண்டையும் மிஞ்சியது பிபிசி மைக்ரோ என்ற இன்னொரு பிரிட்டன் கணினி, 1980-களின் நடுவில் இந்தியப் பள்ளிகளுக்கான கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டம் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான்.)

சேமிப்பில் ஸ்பெக்ட்ரத்துக்கு வீட்டிலிருக்கும் எந்தக் கேசட் ரெக்கார்டரும் போதுமானது. கொமடோருக்கு அதற்கென்றே செய்த டேட்டாசெட் என்ற கேசட் கருவி வேண்டும். அதன் 1541 வட்டு இயக்கியோ தனக்கென ஒரு செயலியையே வைத்திருந்தும், கணினியோடு பேசும் தொடர்வழி இணைப்பு மந்தமானதால் விநாடிக்குச் சில நூறு பைட்டுகளையே அனுப்பியது.

இன்று பழைய பெட்டி ஒன்றை வாங்குபவருக்கு நிலைமை வேறு. ஸ்பெக்ட்ரத்தில் முதலில் போவது விசைப்பலகையின் அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தகடு; அதன் வால் பகுதி காய்ந்து ஒடியும், புதியது கிடைக்கிறது, மாற்றிவிடலாம். கொமடோரின் பழைய மின்வழங்கிக் கட்டி பழுதாகும்போது 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி நினைவகச் சில்லுகளைப் பொசுக்கிவிடக்கூடும். ஆகவே கொமடோரை வாங்குபவர் அந்தக் கட்டியை மூலையில் வைத்துவிட்டுப் புதிய மின்வழங்கியோடு தொடங்குவது நல்லது.