பந்தயத்தில் சூழ்ச்சி நடந்ததா? ஃபாஸ்ட்எஃப்1 எவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கும்

வேண்டுமென்றே சுவரில் மோதினாரா, அணித்தோழருக்கு வழிவிடத்தான் வேகத்தைக் குறைத்தாரா என்ற சந்தேகம் ஃபார்முலா 1 ரசிகர்களிடையே அடிக்கடி கிளம்புகிறது. கூடவே ஒரு வரைபடமும் சுற்றத் தொடங்கும். நீலக்கோடு முந்தைய சுற்று, சிவப்புக்கோடு மோதிய சுற்று, கீழே "இதோ ஆதாரம்" என்று ஒரு வரி. இப்படிப்பட்ட படங்களை வரையப் பலரும் பயன்படுத்துவது ஃபாஸ்ட்எஃப்1 என்ற, பைத்தான் நிரல்மொழியில் எழுதிய நிரலகம். இலவசம், திறந்த மூலம், ஃபார்முலா 1 நிறுவனத்தோடு தொடர்பில்லாதது. சந்தேகத்தைச் சோதிக்கும் கருவியாக அது எப்படி இருக்கிறது என்று மட்டும் இங்கே பார்ப்போம்.

கார் உள்ளே நடந்ததை ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு 2008 சிங்கப்பூர் பந்தயத்தை விடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. 15-வது இடத்தில் கிளம்பிய அலோன்சோவை ரெனோ அணி 12-வது சுற்றிலேயே, டயர், எரிபொருளுக்காக நிற்கும் இடமான பிட்டுக்கு அழைத்தது. சற்று நேரத்தில் அதே அணியின் நெல்சன் பிக்கே ஜூனியர் 17-வது வளைவில் சுவரில் மோதினார். விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக ஓட வைக்கும் சேஃப்டி கார் வந்தது, மற்றவர்கள் பிட்டுக்குப் போய் இடம் இழக்க, அலோன்சோ ஜெயித்தார். அடுத்த ஆண்டு அணியிலிருந்து நீக்கப்பட்ட பிக்கே வாய் திறந்ததும் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ விசாரித்தது. பின்சக்கரம் சறுக்கத் தொடங்கினால் எந்த ஓட்டுநரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். பிக்கே மேலும் அழுத்தியிருந்தது, காரின் உணரிகள் அனுப்பும் தரவான டெலிமெட்ரியில் பதிவாகியிருந்தது. அணித் தலைவர் பிரியாத்தோரேவும் பொறியியல் தலைவர் பேட் சைமண்ட்ஸும் அணியை விட்டு விலகினார்கள். எஃப்ஐஏ அவர்களுக்கு விதித்த தடையை 2010 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம் ரத்து செய்தது தனிக்கதை.

அந்த மோதலை இந்த நிரலகத்தில் பார்க்க முடியாது. டெலிமெட்ரி 2018 சீசன் முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பந்தய முடிவுகளும், 1996-இலிருந்து சுற்று நேரங்களும் மட்டுமே, அதுவும் ஜோல்பிகா என்ற வேறொரு தரவுத்தளம் வழியாக. 2008-க்கு யார் எந்தச் சுற்றை எத்தனை விநாடியில் ஓட்டினார் என்று தெரியும். கால் எங்கே இருந்தது என்று தெரியாது.

2018-க்குப் பிறகு அதே வகைச் சந்தேகம் பலமாகக் கிளம்பியது 2022 மொனாக்கோவில், கிளம்பும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில். கடைசிக் கட்டத்தில் செர்ஜியோ பெரஸ் போர்ட்டியே வளைவில் சுழன்று நின்றார், பின்னால் வந்த சைன்ஸ் அவர்மேல் மோதினார், ஓட்டத்தை நிறுத்தும் செங்கொடி விழுந்தது. வேகமான சுற்றில் இருந்த பெரஸின் அணித்தோழர் வெர்ஸ்டாப்பன் அதைக் கைவிட நேர்ந்தது. பெரஸ் 3-வது இடத்திலும் வெர்ஸ்டாப்பன் 4-வது இடத்திலும் கிளம்பினார்கள். பந்தயத்தை வென்றவர் பெரஸ். வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லப்பட்டதை அவர் மறுத்தார், எஃப்ஐஏ எந்தக் குற்றமும் சாட்டவில்லை. பெரஸ் ஆக்சிலரேட்டரை வழக்கத்தை விட முன்னதாக மிதித்ததாக ரசிகர்கள் வரைபடம் போட்டார்கள். அதை நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி இது.

நிரலகத்தை நிறுவியதும் முதலில் கேஷ் கோப்புறையை, அதாவது இறங்கிய தரவைச் சேமித்துவைக்கும் இடத்தை, அமைத்துவிடுங்கள். அமைக்காவிட்டால் நிரலகம் தானே ஒரு இடத்தில் சேமிக்கும்; சேமிப்பே இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பல பத்து எம்பி தரவு மறுபடி இறங்கும். பிறகு ஆண்டு, மொனாக்கோ, தகுதிச்சுற்று என்று கொடுத்து டெலிமெட்ரியோடு ஏற்றுங்கள். பெரஸின் சுற்றுகளைப் பிரித்தெடுக்கும்போது மிக வேகமான சுற்றைத் தரும் கட்டளை இங்கே உதவாது. மோதிய சுற்று முடியவே இல்லை, ஆகவே அதற்கு நேரம் இல்லை. சுற்று எண்ணைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். ஒப்பிட ஒரே ஒரு சுற்றை எடுப்பது பெரும் தவறு. தகுதிச்சுற்றை மூன்று கட்டமாகப் பிரிக்க நிரலகத்திலேயே வசதி இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களிலிருந்து நேரம் பதிவான சுற்றுகளில் மூன்று நான்கையாவது எடுங்கள். டயரைச் சூடேற்ற மெதுவாக ஓட்டிய சுற்றைச் சேர்த்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது.

அடுத்த பொறி நுட்பமானது, சுற்றுக்கு விடப்படும் படங்களில் பல இதில்தான் விழுகின்றன. கார் தரவு ஏறத்தாழ 0.24 விநாடிக்கு ஒரு புள்ளிதான் வருகிறது. மணிக்கு 300 கிமீ வேகத்தில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கார் 20 மீட்டர் ஓடிவிடும். போர்ட்டியே போன்ற மெதுவான வளைவில் 75 கிமீ என்று வைத்துக்கொண்டாலும் 5 மீட்டர். முழு டெலிமெட்ரியைக் கேட்டால் நிரலகம் காரின் தரவையும் இருப்பிடத் தரவையும் கலந்து, இடைவெளிகளைக் கணக்கிட்டு நிரப்பித் தருகிறது. திரையில் கோடு வழுவழுப்பாகத் தெரியும், ஆனால் அதில் பாதிக்கு மேல் அளந்தவை அல்ல. கார் தரவை மட்டும் கேட்டு, கோடு வரையாமல் புள்ளிகளாகவே போடுங்கள். "மூன்று மீட்டர் முன்னதாக மிதித்தார்" என்று யாராவது சொன்னால், அந்த அளவுக்கு இந்தத் தரவு பேசாது என்பது அப்போது கண்ணெதிரே தெரியும். பத்துப் பதினைந்து மீட்டர் வித்தியாசம் எல்லாச் சுற்றுகளுக்கும் எதிராக நின்றால்தான் கவனிக்க வேண்டிய விஷயம்.

தூரமும் நேரடியாக அளந்ததல்ல. வேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே வருவது, ஆகவே சுற்றின் கடைசிப் பகுதிக்கு வர வர பிழை சேரும். வளைவில் வேகம் மிகக் குறைந்த புள்ளியை வைத்து இரண்டு கோடுகளையும் நகர்த்திப் பொருத்துவது நல்லது. ஆக்சிலரேட்டர் மதிப்பு 100-க்கு மேல் 104 என்று வந்தால் அது தரவுக் கோளாறு, அந்த வரிசையைத் தூக்கிவிடுங்கள்.

இல்லாதவை எவை என்பதும் முக்கியம். பிரேக்கை அழுத்தினாரா இல்லையா என்பது மட்டுமே கிடைக்கும், எவ்வளவு அழுத்தினார் என்பது இல்லை. ஸ்டீயரிங் கோணம் அறவே இல்லை. சறுக்கிய காரைத் திருப்பிப் பிடிக்க முயன்றாரா என்பதற்கு அதுதான் உண்மையான சாட்சி. அணிகளிடமும் எஃப்ஐஏவிடமும் அது இருக்கும், நம்மிடம் இல்லை. அதற்கு ஓட்டுநர் கேமரா காட்சியைத்தான் பார்க்க வேண்டும்.

தன் ஓட்டுநர்களில் யார் முன்னே போவது என்று அணியே கட்டளையிடும் டீம் ஆர்டர் பற்றிய சந்தேகங்களுக்கு இந்த நிரலகம் நன்றாகவே உழைக்கிறது. 2024 ஹங்கேரியில் மெக்லாரன் அணித்தோழர்களில் நாரிஸ் 45-வது சுற்றிலும் முன்னே இருந்த பியாஸ்ட்ரி 47-வது சுற்றிலும் பிட்டுக்குப் போனார்கள், இடம் மாறிவிட்டது. 68-வது சுற்றில் நாரிஸ் நேர்பாதையில் வேகம் குறைத்து இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். சுற்று நேரம், பிட் நுழைவு, வெளியேற்றம் எல்லாம் அட்டவணையாகவே வரும். பிட் நேரம் என்று இருப்பது பிட் பாதையில் கழிந்த மொத்த நேரம், டயர் மாற்ற நின்ற நேரம் அல்ல; இதைக் குழப்பிக்கொண்டு "வேண்டுமென்றே தாமதித்தார்கள்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. டீம் ஆர்டர் இப்போது விதிமீறலும் அல்ல. 2002 ஆஸ்திரியாவில் பாரிக்கெல்லோ கடைசி நேர்பாதையில் அணித்தோழர் ஷூமாக்கருக்கு வழிவிட்ட பிறகு வந்த தடை, 2011-ல் நீக்கப்பட்டது. அதையும் சூழ்ச்சியையும் ஒரே பெயரில் அழைப்பது தவறு.

சேஃப்டி கார் தொடர்பான புகார்களுக்கு, பந்தயக் கட்டுப்பாட்டு அறையின் செய்திகளை நேரத்தோடு எடுக்கலாம். 2021 அபுதாபியில் ஒரு சுற்று பின்தங்கிய எல்லாக் கார்களையும் விடாமல் ஐந்து கார்களை மட்டும் சேஃப்டி காரைத் தாண்டிப் போய் அந்தச் சுற்றை மீட்க விட்டது அதில் வரி வரியாக இருக்கிறது.

ரேடியோ உரையாடல் இதில் கிடையாது. ஓப்பன்எஃப்1 தளத்தில் 2023 முதல் ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஒளிபரப்பானவற்றில் தேர்ந்தெடுத்தவை மட்டுமே. பதிவு இல்லை என்பதால் பேச்சே நடக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிங்கப்பூர் திட்டம் ரேடியோவில் பேசப்படவில்லை. பந்தயத்துக்கு முன் நேரில் பேசப்பட்டது. பிக்கே சொல்லாமல் இருந்திருந்தால், அந்த டெலிமெட்ரி ஒரு இளம் ஓட்டுநரின் பதற்றம் என்றே கோப்பில் கிடந்திருக்கும்.

பைத்தான் ஓரளவு தெரிந்தவர் ஒரு மாலையில் இதைக் கற்றுவிடலாம். பந்தயம் முடிந்து அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தரவு வந்துவிடுகிறது. அதற்கு முன் இந்த நிரலகத்தில் வரைந்தது என்று சொல்லி வரும் எந்தப் படத்தையும் பகிர வேண்டாம். பகிரப்படும் படத்தில் எத்தனை சுற்றுகள் ஒப்பிடப்பட்டன, புள்ளிகள் காட்டப்பட்டுள்ளனவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வரைந்தவரிடம் அந்த நிரலைக் கேளுங்கள்.