சீசன் முடிந்ததும் பளு: சில ஆண்டுகளில் நான் கண்டது

கோவா அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் பந்தயம் அக்டோபர், நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். அடுத்தடுத்து 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். முடித்துவிட்டுச் சென்னை வந்தால் வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) சைக்கிளை இறக்கவே யோசிக்க வேண்டிய மாதங்கள் அவை. நண்பர்கள் பலர் சைக்கிளை டிரெயினர் என்ற தாங்கியில் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே மிதிக்கிறார்கள். நான் சில ஆண்டுகளாக இந்த மழைக்காலத்தைப் பளுப் பயிற்சிக்கே ஒதுக்கிவருகிறேன். நாற்பதைத் தாண்டிய எனக்கு இந்த அளவு பலன் தந்த மாற்றம் வேறில்லை.

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லவை. ஆனால் எலும்பின்மேல் பாரம் ஏற்றுபவை அல்ல. வயது ஏற ஏறத் தசையும் கரைகிறது. இந்த இரண்டையும் ஈடுகட்டப் பளு வேண்டும், அதுவும் கனமான பளு. இதை அழுத்தியே சொல்கிறேன். நம்மவர்கள் ஜிம்முக்குப் போனால் லேசான எடையை எடுத்து இருபது, முப்பது ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) போடுகிறார்கள். தாக்குப்பிடிக்கும் திறனைத்தான் மூன்று விளையாட்டுகளும் ஏற்கெனவே கொடுக்கின்றனவே! ஜிம்மிலும் அதையே தேடுவானேன்?

நான் செய்வது இதுதான். முதல் சில வாரங்கள் மிதமான எடையில் 12 ரெப், உடல் பழகுவதற்காக. பிறகு ஸ்குவாட் (எடையுடன் உட்கார்ந்து எழுவது), ருமேனியன் டெட்லிஃப்ட் (இடுப்பை மடித்துக் குனிந்து எடையுடன் நிமிர்வது), ஒற்றைக்கால் ஸ்பிளிட் ஸ்குவாட் எல்லாம் 4 முதல் 6 ரெப். இடைவிடாமல் போடும் இந்த ரெப்கள் சேர்ந்தது ஒரு செட். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே முழுதாக மூன்று நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு ரெப் போடலாம் என்ற நிலையிலேயே எடைக்கம்பியை வைத்துவிடுவேன். வாரம் இருமுறை போதும். உட்கார்ந்தபடி எடையுடன் குதிகாலை உயர்த்தும் காஃப் ரெய்ஸை மட்டும் தவறவிடாதீர்கள். கெண்டைக்காலின் உள்ளடுக்கில் இருக்கும் சோலியஸ் தசைதான் ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் பெரும் சுமையைத் தாங்குகிறது.

உடம்பு பெருத்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். தொடக்க வாரங்களில் கூடும் வலிமையின் பெரும்பகுதி நரம்பு மண்டலத்திலிருந்து வருகிறது, இருக்கும் தசையையே உடல் நன்றாக இயக்கக் கற்றுக்கொள்கிறது. கூடவே ஓடவும் நீந்தவும் செய்பவருக்குத் தசை அவ்வளவு எளிதில் திரளாது. என் எடை பெரிதாக மாறவில்லை. மாறியது ஓட்டத்தின் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர். முன்பு அங்கே இடுப்பு தொய்ந்து, பாதம் தரையை உரச ஆரம்பித்துவிடும். இப்போது களைப்பு அதே களைப்புதான், ஆனால் நடை குலைவதில்லை.

குறையும் உண்டு. முதல் இரண்டு வாரம் தொடைவலியில் மாடிப்படி இறங்குவதே பாடு. அந்த நாட்களில் வேக ஓட்டம் வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். ஸ்குவாட்டுக்கு மறுநாள் மெதுநீச்சல் மட்டுமே என்பது என் வழக்கம். மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் எனக்கு ஒத்துவரவில்லை. தோள் முன்பக்கம் இறுகி, நீச்சலில் கை நீள மறுத்தது. அதற்குப் பதில் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் புல்-அப், ரப்பர் பேண்ட் வைத்துத் தோளை வெளிப்புறம் திருப்பும் பயிற்சி, பிறகு நம்மூர் கர்லாக்கட்டை. கட்டையைத் தலைக்குப் பின்னால் சுழற்றி எடுப்பதில் தோள்பட்டை முழு வீச்சில் அசைகிறது. வலிமைக்கு அது போதாது, அசைவுக்கு அருமை.

மழை விட்ட ஞாயிறுகளில் திருக்கழுக்குன்றம் மலையேறுவேன். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள், கோயில் என்பதால் வெறுங்கால். ஓடும் காலணிக்குள் தூங்கிக் கிடக்கும் பாதத் தசைகள் விழித்துக்கொள்ளும். படி ஈரமாக இருந்தால் இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

சீசன் தொடங்கியதும் பளுவை அடியோடு நிறுத்துவதுதான் பலர் செய்வது. நார்வேயின் விளையாட்டு ஆய்வாளர் பென்ட் ரோனெஸ்டாட் சைக்கிள் வீரர்களிடம் செய்த ஆய்வுகளில், தயாரிப்புக் காலத்தில் வாரம் இருமுறை கனமாகத் தூக்கியவர்கள், பிறகு வாரம் ஒருமுறை தூக்கியே அந்த வலிமையைத் தக்கவைத்தார்கள். நானும் பிப்ரவரியிலிருந்து அப்படித்தான்: வாரம் ஒருநாள், அரைமணி நேரம், எடை அதே, செட் மட்டும் பாதி. பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு கடைசிக் கனமான செட்.