மார்ஃபின் எழுதும் முன் டாக்டர் எதைப் படிப்பது?

புற்றுநோய் வலியோடு வருபவருக்கு மார்ஃபின் எழுத ஒரு டாக்டர் தயங்குகிறார் என்றால், அவர் எதைப் படித்துவிட்டுத் தயங்குகிறார் என்று கேட்க வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் எங்கள் மேஜைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று: மெடிக்கல் ரெப் வைத்துவிட்டுப் போகும் வழவழத் தாள், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, உலக சுகாதார நிறுவனத்தின் 2018 புற்றுநோய் வலி வழிகாட்டி.

ரெப் தாளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மார்ஃபினைவிட வலிமை குறைந்த, அதே வகை வலி மருந்தான டிரமடால் நாளுக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வலிப்பு வருபவருக்கு ஆபத்து என்பதெல்லாம் அங்கே பொடி எழுத்தில்தான் இருக்கும். அதை வைத்து யாரும் மருந்து எழுத வேண்டாம்.

சரி, பெரிய ஜர்னலில் வந்ததை நம்பலாமா? 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்து, பெற்ற 11,882 பேரில் 4 பேர்தான் அதற்கு அடிமையானார்கள் என்றது. அது உள்நோயாளிகளின் கணக்கு. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் பயமில்லை என்று சொல்ல அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். 608 முறை அது மேற்கோள் காட்டப்பட்டிருந்ததை, 2017இல் அதே இதழில் வந்த ஓர் அலசல் எண்ணிச் சொன்னது. அமெரிக்கா அதற்குள் இந்த மருந்துகளுக்குப் பல உயிர்களைப் பறிகொடுத்திருந்தது.

அந்தக் காயத்திலிருந்து பிறந்ததுதான் சிடிசி வழிகாட்டி. நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலிக்கு மிக நல்ல துணை. ஓபியாய்டு இல்லாத வழிகளை முதலில் பார், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் குறைந்த அளவில் தொடங்கு என்கிறது. வலை இழுத்து இழுத்து இடுப்பு போன மீனவருக்கு டிரமடாலை மாதாமாதம் புதுப்பித்துக் கொடுக்கும் முன் இதைத்தான் படிக்க வேண்டும். ஆனால் புற்றுநோய் வலிக்கும், வலி தணிப்பு சிகிச்சைக்கும், இறுதிக்கால கவனிப்புக்கும் இது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டு, வாய்ப் புற்றுநோயில் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் துடிப்பவருக்கு அந்த எச்சரிக்கையைப் பொருத்துவது கொடுமை. நம் ஊரில் இவருக்கு வரும் ஆபத்து மருந்து கூடிப்போவதால் அல்ல, கிடைக்காமல் போவதால்.

இவருக்கு என் தேர்வு மூன்றாவது. வாய் வழியாக, மணி பார்த்து, ஆளுக்கேற்ப, நுணுக்கமாகக் கவனித்துக் கொடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி கூடக்கூட மருந்தின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லி 1986இல் வந்த மூன்று படி ஏணி இப்போது கற்பிப்பதற்கான படமாகப் பின்னிணைப்பில் இருக்கிறது. வலி கடுமையாக இருந்தால் கீழ்ப்படியில் காத்திருக்கத் தேவையில்லை. நடைமுறையில் இப்படி: சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணிக்கொரு தடவை. மாத்திரைக் கவரின் மேல் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம். இரவு 10 மணிக்கு இரண்டு மடங்கு, நடுராத்திரி எழுப்பாமல் இருக்க. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். அது விட்டுப்போனால் நாலாம் நாள் மலச்சிக்கல் தாங்காமல் வீட்டார் மார்ஃபினையே நிறுத்திவிடுவார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைத்து இடைவெளியை நீட்ட வேண்டும், அல்லது ஃபென்டனில் என்ற வேறொரு ஓபியாய்டின் பக்கம் போக வேண்டும்.

மூன்றிலும் இல்லாத ஒன்று நம் சட்டம். 1985இன் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருந்துக் கடையிலிருந்தே விரட்டியது. 2014 திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதலோடு இதை வைத்துக்கொள்ளலாம். கடலூர் தமிழகத்தின் கீழும் புதுச்சேரி தனி நிர்வாகத்தின் கீழும் வருவதால், எந்த மருத்துவமனையில் இருப்பு இருக்கிறது என்று சீட்டு எழுதும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். வலியோடு இருப்பவரை பஸ் ஏற்றி அலைய விடாதீர்கள்.